கப்பலில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? ஆழ்கடல் ஆய்வில் மாணவர்களின் கதை



சமுத்திரயான் பற்றிய செய்தியை நம் குழுவில் பகிர்ந்திருந்தீர்கள். அதற்குக் கீழே ஒருவர், "சார், மூணு பேர் கடலுக்கு அடியில 6,000 மீட்டர் போறதுனால நம்ம மூலனூருக்கு என்ன சார்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நம் ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் அமராவதியும் பிஏபி வாய்க்காலும்தான். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாததால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். டீ வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

ஆழ்கடல் ஆராய்ச்சியின் கதையை எல்லோரும் கப்பல்களின் கதையாகவும் விஞ்ஞானிகளின் கதையாகவும்தான் சொல்கிறார்கள். நான் முப்பது வருடத்துக்கும் மேல் பிள்ளைகளோடு இருந்தவன். அதனால் எனக்கு வேறொன்று பார்க்கத் தோன்றும். அந்தக் கப்பல்களில் சின்னப் பையன்கள் இருந்தார்களா? இருந்தால் அவர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்?

முதலில் சேலஞ்சர். இங்கிலாந்தின் கடற்படைக் கப்பல். 1872 டிசம்பர் 21-ஆம் தேதி போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி, 1876 மே மாதம் திரும்பியது. மூன்றரை வருடம், 68,890 கடல் மைல். கடலடியை ஆராய்வதற்கென்றே உலகத்தைச் சுற்றிய முதல் பெரிய பயணம் அது. வைவில் தாம்சன் தலைமையில் ஆறு பேர் கொண்ட விஞ்ஞானக் குழு. 362 இடங்களில் கப்பலை நிறுத்தி ஆழம் பார்த்தார்கள், தண்ணீர் எடுத்தார்கள், அடியைச் சுரண்டும் வலையை இறக்கினார்கள். அதுவரை யாரும் அறியாத சுமார் 4,700 உயிரினங்கள் கிடைத்தன. 1875 மார்ச் 23-ஆம் தேதி பசிபிக் கடலில் கயிற்றை விட்டபோது 4,475 பாகம் போய்த்தான் அடி தட்டியது. நம் கடற்கரை மீனவர்கள் சொல்கிற அதே பாகக் கணக்குதான், ஒரு பாகம் ஆறு அடி. மீட்டரில் 8,184. இன்றும் அந்தப் பள்ளத்துக்குச் சேலஞ்சர் பள்ளம் என்றே பெயர்.

இந்த வேலை எப்படி நடந்தது என்று யோசியுங்கள். கிலோமீட்டர் கணக்கில் சணல் கயிறு. இறக்க மணிக்கணக்கு, ஏற்ற மணிக்கணக்கு. நீராவி இயந்திரம் உதவினாலும் கயிற்றோடு மல்லுக்கட்டியது மாலுமிகளும் கப்பல் பையன்களும். கிளம்பிய மூன்றாம் மாதம் வலையை இழுக்கும்போது ஒரு கப்பி பிய்த்துக்கொண்டு வந்து அடித்ததில் வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற பையன் செத்துப்போனான். அவனைக் கடலிலேயே அடக்கம் செய்துவிட்டுக் கப்பல் மேலே போனது.

எனக்கு இன்னொரு விவரமும் மனதில் நிற்கிறது. அந்தக் கப்பலில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார், பெயர் ஆடம் எபெல்ஸ். பையன்களுக்கும் மாலுமிகளுக்கும் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. பயணத்தின் முதல் வருடத்திலேயே பெர்முடா தீவில் இறந்துபோனார். பொருள் வைப்பறையில் உதவியாளாக இருந்த ஜோசப் மாட்கின் என்ற 19 வயதுப் பையன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் தப்பிப் பிழைத்து, 1992-ல் புத்தகமாக வந்தன. விஞ்ஞானிகள் எழுதிய அறிக்கை 50 தொகுதிகள். கீழ்த்தட்டில் இருந்தவர்களின் பக்கத்திலிருந்து நமக்குக் கிடைத்தது அந்தப் பையனின் கடிதக் கட்டு.

ஆக, முதல் பயணத்தில் பிள்ளைகள் கைகளாக இருந்தார்கள். கயிறு அவர்களுடையது, கேள்வி வேறு யாருடையதோ.

அடுத்தது ஐம்பது வருடம் கழித்து. 1921-ல் எர்னஸ்ட் ஷாக்கில்டன் தென்துருவக் கடலுக்குக் குவெஸ்ட் என்ற சின்னக் கப்பலில் கிளம்பினார். சாரணர் இயக்கத்திலிருந்து பையன்களை அழைத்துப்போகிறேன் என்று அறிவித்தார். சுமார் 1,700 பேர் விண்ணப்பித்தார்கள். இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. ஒருவன் நார்மன் மூனி. கடல் ஒவ்வாமல் வாந்தி எடுத்தே துவண்டு, மதீராவில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான். பாவம், அவனைக் குறை சொல்லக் கூடாது. இன்னொருவன் 18 வயது ஜேம்ஸ் மார். அவனை நிலக்கரிக் கிடங்கில் இறக்கிவிட்டார்கள், தாக்குப்பிடித்தான். 1922 ஜனவரி 5-ஆம் தேதி ஷாக்கில்டன் மாரடைப்பில் இறந்தும் பயணம் தொடர்ந்தது. மார் கடைசி வரை இருந்தான்.

ஊருக்குத் திரும்பியவன் விலங்கியல் படித்தான். மறுபடியும் தென்கடலுக்குப் போனான், இந்த முறை விஞ்ஞானியாக. திமிங்கிலத்தின் முக்கிய உணவான கிரில் என்ற சிறு இறால் வகையைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து, 1962-ல் அவர் வெளியிட்ட பெரிய அறிக்கை அந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. கரி அள்ளப் போனவனை அவர், இவர் என்று எழுத வேண்டிய இடத்துக்கு ஒரு கப்பல் பயணம் கொண்டுபோய்விட்டது. சாரணர் வகுப்பில் இருந்தவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கதை ஒரு கடிதத்தில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்தில் உயர்நிலைப் பள்ளியில் படித்த ராபர்ட் பல்லார்ட் என்ற பையனுக்குக் கடல் பைத்தியம். பக்கத்தில் இருந்த ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். அங்கிருந்த ஒருவர் பொறுப்பாகப் பதில் போட்டு, கோடை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். 1959-ல், 17 வயதில், ஆய்வுக் கப்பலில் ஏறிவிட்டான். 1985 செப்டம்பர் 1-ஆம் தேதி அட்லாண்டிக் கடலடியில் டைட்டானிக் கப்பலைக் கண்டுபிடித்த குழுவை வழிநடத்தியது அதே பல்லார்ட்தான்.

டைட்டானிக் செய்தி வந்ததும் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் குவிந்தன. சுமார் 16,000. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே விஷயம்: அடுத்த தடவை போகும்போது நானும் வரலாமா? அத்தனை பேரையும் எந்தக் கப்பலில் ஏற்றுவது? அவர் யோசித்து ஒரு வழி கண்டார். 1989-ல் மத்தியதரைக் கடலில் ஜேசன் திட்டம் தொடங்கியது. ஜேசன் என்பது கம்பிவடத்தில் கட்டிக் கடலுக்குள் இறக்கும் ரோபோ. அது பார்ப்பதை வடம் கப்பலுக்கு அனுப்பும், கப்பல் செயற்கைக்கோளுக்கு அனுப்பும், செயற்கைக்கோள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த அருங்காட்சியகங்களின் பெரிய திரைக்கு அனுப்பும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்து நேரடியாகப் பார்த்தார்கள். இணையம் வீட்டுக்கு வராத காலம் அது.

அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டியவற்றில் ஒன்று, சிசிலிக்கும் துனீசியாவுக்கும் நடுவில் முழுகிக் கிடந்த ரோமானிய வணிகக் கப்பல். அதே ரோமானியர்களுக்குத்தான் நம் காங்கேயம் பக்கத்துப் படியூர் மணிக்கற்களும் கொடுமணல் பட்டறை மணிகளும் முசிறித் துறை வழியாகப் போயின என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கடலுக்கும் கொங்கு நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பிறகு வந்த ஜேசன் பயணங்களில், தேர்ந்தெடுத்த மாணவர்களும் ஆசிரியர்களும் களத்துக்கே போனார்கள். சில பயணங்களில் கரையில் இருந்த மாணவர்கள் ரோபோவைக் கொஞ்ச நேரம் தாங்களே ஓட்டிப் பார்த்தார்கள். கைகளாக இருந்த பிள்ளைகள் இப்போது கண்களாகிவிட்டார்கள்.

கண்ணாக மட்டும் இருந்தால் போதாது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். அதனால் செலவில்லாத சின்னச் சின்ன வழிகளைக் கண்டுபிடித்தார்கள். எனக்குப் பிடித்தது தெர்மாகோல் கப். பிள்ளைகள் டீ குடிக்கும் தெர்மாகோல் கப்பில் படம் வரைந்து, பெயர் எழுதிக் கொடுப்பார்கள். ஆய்வுக் கப்பல்காரர்கள் அதை வலைப்பையில் போட்டுக் கருவியோடு கட்டி ஆழத்துக்கு இறக்குவார்கள். மேலே வரும்போது கப் சுருங்கி, பொம்மைச் சொப்பு அளவுக்கு வந்திருக்கும். எழுத்தும் படமும் அப்படியே குட்டியாகி இருக்கும்.

ஏன் சுருங்குகிறது? ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 6,000 மீட்டரில் சுமார் 600 மடங்கு. சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில், 600 கிலோ உட்கார்ந்ததுபோல. 50 கிலோ சிமென்ட் மூட்டை 12-ஐ நகத்தில் அடுக்கிப் பாருங்கள். தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்கள் நசுங்கிவிடும். பாட்டிலில் மூன்று துளை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேனே, எல்லாவற்றுக்கும் கீழே உள்ள துளையில்தான் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சியது. அதே பாடம்தான்.

இன்னொரு வழி ஆர்கோ மிதவை. உலகக் கடல்களில் சுமார் 4,000 மிதவைகள் ஆளில்லாமல் திரிகின்றன. பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே ஏறி, வரும் வழியில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி முழுகும். அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஒரு பள்ளி வகுப்பு ஒரு மிதவையைத் தத்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்கத் திட்டத்தில் மிதவைக்குப் பெயர் வைப்பதே பிள்ளைகள்தான். வைத்த பிறகு, "நம்ம மிதவை இன்று எங்கே இருக்கிறது, ஏன் அங்கே தண்ணீர் குளிர்ந்திருக்கிறது?" என்று வருடக் கணக்கில் பின்தொடர்வார்கள். நம் நாடும் இந்த மிதவைகளை விடுகிறது. அந்தத் தகவல்களைக் கையாள்வது ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ்.

2025-ல் அர்ஜென்டினாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்நாட்டு விஞ்ஞானிகள் மார் டெல் பிளாட்டா கரைக்கு அப்பால் உள்ள ஆழ்கடல் பள்ளத்தாக்கில் ரோபோவை இறக்கி, யூடியூபில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். நாடே வேலையை விட்டுப் பார்த்தது. பிள்ளைகள் நட்சத்திர மீனையும் சிவப்புக் கணவாயையும் வரைந்து தள்ளினார்கள். விளக்கியவர்கள் அவர்களுடைய மொழியிலேயே பேசினார்கள். என்னைப் பொறுத்தவரை பாதி வெற்றி அந்த மொழியில்தான் இருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன்.

1981 ஜனவரி 26, குடியரசு நாள். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்துக் கப்பல் கவேஷணி, அரபிக் கடலடியிலிருந்து முதல் உலோகக் கட்டியை எடுத்தது. உருளைக்கிழங்குபோல இருக்கும். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு எல்லாம் அதில் உண்டு. சேலஞ்சர்காரர்கள் 1873-ல் முதன்முதலில் எடுத்துப் பார்த்த அதே வகைக் கட்டி. 1987-ல் நடு இந்தியப் பெருங்கடலில் அதைத் தேடும் உரிமை நமக்குக் கிடைத்தது. 1993-ல் சென்னையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கினார்கள். பள்ளிக்கரணையில் இருக்கிறது, தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிறவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறீர்கள். அவர்கள் உருவாக்கிய ரோபோ 2010-ல் 5,289 மீட்டர் ஆழம் வரை போனது. 2021-ல் 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டம் அறிவித்தார்கள். அதில் ஒன்றுதான் சமுத்திரயான். மத்ஸ்யா 6000 என்ற வாகனத்தில், 2.1 மீட்டர் குறுக்களவுள்ள டைட்டானியம் உருண்டைக்குள் மூன்று பேர் உட்கார்ந்து 6,000 மீட்டர் போக வேண்டும். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அந்த வாகனத்தைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் நம் ஆட்கள் இருவர் பிரெஞ்சு வாகனமான நாட்டீலில் அட்லாண்டிக் கடலில் பயிற்சிக்காக இறங்கினார்கள். சென்னை நிறுவனத்து விஞ்ஞானி ராஜு ரமேஷ் 4,025 மீட்டர். ஓய்வுபெற்ற கடற்படை கமாண்டர் ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டர்.

இதில் நம் பள்ளிக்கூடம் எங்கே? விண்வெளியைப் பாருங்கள். நாட்டின் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் கருவிகள் செய்து, ஆசாதிசாட் என்ற சின்னச் செயற்கைக்கோள் உருவானது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. 2022 ஆகஸ்டில் முதல் முயற்சி தோற்றது. 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி இரண்டாவது போய்ச் சேர்ந்தது. இஸ்ரோ 2019 முதல் யுவிகா என்ற பெயரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் பயிற்சி கொடுக்கிறது. வானத்துக்குச் செய்ததைக் கடலுக்கும் செய்யலாம். பிள்ளைகளை மத்ஸ்யாவுக்குள் ஏற்றச் சொல்லவில்லை. அது ஆபத்தான இடம், பயிற்சி பெற்ற பெரியவர்கள் போகட்டும். ஆனால் பிள்ளைகளின் கேள்வி போகலாம்.

தண்ணீருக்குள் ரேடியோ அலை தூரம் போகாது. ஒலிதான் போகும், வினாடிக்கு சுமார் 1,500 மீட்டர். 6,000 மீட்டரில் இருப்பவரிடம் மேலேயிருந்து ஒரு கேள்வி கேட்டால் போய்ச்சேர 4 வினாடி, பதில் வர 4 வினாடி. மூலனூர்ப் பிள்ளையின் கேள்வி அந்த எட்டு வினாடிப் பயணத்தைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

என்ன கேட்கும் நம் பிள்ளை? இங்கேதான் நான் சொல்ல வந்தது.

2019-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் பசிபிக் பெருங்கடலின் ஆறு அகழிகளில், 7 கிலோமீட்டரிலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஆழம் வரை வாழும், இறால் போன்ற சிறு உயிர்களைப் பிடித்து வயிற்றைப் பார்த்தார்கள். பாதிக்கும் மேலானவற்றில் மனிதன் செய்த இழைகள் இருந்தன. துணி இழைகளும் உண்டு. நாம் துவைக்கும்போது உடையிலிருந்து உதிர்ந்து, சாக்கடை, ஆறு, கடல் என்று போகிற நூல் துகள்கள் அப்படித்தான் அங்கே சேர்கின்றன. சேலஞ்சர் கயிறு தொட்ட அந்தப் பள்ளத்தில் இன்று உயிர்களின் குடலில் நூல்.

நூல் யாருடைய தொழில்? நம் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் போகிறது. தாராபுரம், காங்கேயம், பல்லடம் வட்டாரத்து மில்களில் நூலாகிறது. திருப்பூரில் பனியனாகி, தூத்துக்குடியிலும் கொச்சியிலும் கன்டெய்னர் ஏறுகிறது. பருத்தி நூல் கடலில் எவ்வளவு நாளில் மக்கும்? பாலியஸ்டர் கலந்தால்? சாயம் ஏற்றிய பருத்தி, ஏற்றாத பருத்தி, எது முதலில் மக்கும்? எந்தப் பின்னல் அதிகமாகத் துகள் உதிர்க்கும்? பாரிஸிலோ பாஸ்டனிலோ இருக்கும் பிள்ளையைவிட இந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமையும் அறிவும் நம் பிள்ளைக்கு அதிகம். நூலை விரலால் தொட்டே இது காம்பிங் நூலா, கார்டு நூலா என்று சொல்லிவிடும் வீடுகளில் அல்லவா அவர்கள் வளர்கிறார்கள்!

உங்களில் பலர் 1980, 90-களில் எட்டாவதோ பத்தாவதோ முடித்த கையோடு திருப்பூர் பஸ் ஏறினீர்கள். பனியன் கம்பெனியில் கைமடி. அந்தச் சம்பளத்தில் தங்கச்சி கல்யாணம் நடந்தது, ஓட்டு வீடு எழும்பியது. அதை நான் என்றும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே தொடர்ந்து வராதவர் என்று எழுதும்போது என் மனம் என்ன பாடுபட்டது என்பது எனக்குத் தெரியும். சேலஞ்சர் கப்பல் பையன்களைப்போல நீங்கள் கைகளாக இருந்தீர்கள். உலகம் உடுத்திய துணி உங்கள் கையால் ஆனது. கேள்வி கேட்கும் இடம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைக்க வேண்டும். அவர்கள் பின்னாளில் பனியன் கம்பெனி வைத்தாலும் சரி, கேள்வி கேட்டுப் பழகியவர்களாக வைக்கட்டும்.

கடலைத் தெரிந்துவைப்பது வெறும் அலங்காரமும் இல்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி. நம் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள். அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து, "இது சுனாமி" என்று கத்தினாள். இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் அவள் ஆசிரியர் அதை நடத்தியிருந்தார். கடற்கரையைக் காலி செய்தார்கள். சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். ஒரு பாட வேளையின் மதிப்பு அவ்வளவு. 2007 முதல் இன்காய்ஸ் நடத்தும் சுனாமி எச்சரிக்கை மையம், ஆழ்கடலின் அடியில் வைத்த அழுத்தக் கருவிகளையும் நம்பி வேலை செய்கிறது. தெர்மாகோல் கப்பைச் சுருக்கும் அதே அழுத்தத்தைத்தான் அந்தக் கருவிகள் அளக்கின்றன.

சரி, நாம் என்ன செய்யலாம்? சென்னையில் வேலை பார்க்கும் நம் மாணவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, பள்ளிக்கரணை நிறுவனத்துக்கு முறையாக ஒரு கடிதம் எழுதுங்கள். மூலனூர், தாராபுரம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் தமிழில் பேச ஒரு விஞ்ஞானியை அனுப்ப முடியுமா, அடுத்த கப்பல் பயணத்தில் ஐம்பது தெர்மாகோல் கப்பை இறக்கித் தர முடியுமா என்று கேளுங்கள். பல்லார்டுக்கும் ஒரு கடிதத்தில்தான் வழி திறந்தது. ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் அறிவியல் மன்றத்தில் ஒரு துண்டு பருத்தித் துணியும் ஒரு துண்டு பாலியஸ்டர் துணியும் உப்புத் தண்ணீரில் போட்டு, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்துக் குறிப்பு எழுத வையுங்கள். செலவு பத்து ரூபாய் ஆகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேலை. இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடமோ பேரப்பிள்ளையிடமோ, "கடலுக்கு அடியில் 6,000 மீட்டரில் இருக்கிற ஆளிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் என்ன கேட்பாய்?" என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள், திருத்தாதீர்கள். அது சொன்னபடியே கீழே எழுதுங்கள். முழுப் பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். நூறு கேள்வி சேர்ந்ததும் நானே ஒழுங்காகப் படியெடுத்துச் சென்னைக்குத் தபாலில் அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது.

எல்லோரும் நலமாக இருங்கள். வெயில் அதிகம், மோர் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், மூலனூர்